தூக்கின கொடியை இறக்கின நாள்

நாங்கள் இந்தியாவில அகதி முகாமில இருந்து ஊருக்குத் திரும்பி வந்து மூண்டாவது வருசம் நடந்தது இது. சோளகக் காத்து மண்ணை அள்ளி முகத்தில எறிஞ்சுகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்னார் டவுனில, பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட இருந்த ஒரு மண்டபத்தில, முதல் தடவையா ஒரு கராத்தேப் போட்டிக்கு நடுவரா நிண்டனான். ஒரு கையில சிவப்புக் கொடி, மற்றக் கையில வெள்ளைக் கொடி, கழுத்தில விசில். எனக்கிருந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி ஏலாது! விடியப் பூசைக்குப் போன இடத்திலயும் கொடி தூக்கிறதையே நினைச்சுக்கொண்டு நிண்டனான், ஆண்டவர் மன்னிக்கோணும்.

கராத்தே நான் முகாமில இருக்கேக்க பழகினது. பிறகு கல்யாணம், பிள்ளை, கப்பலேறி ஊருக்கு வந்தது எண்டு எல்லாம் நடந்தும் அதை மட்டும் விடேல்ல. இஞ்ச வந்துதான் கறுப்புப் பட்டி எடுத்தனான். நடுவர் வேலைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கினம் எண்டு சொன்ன உடன என்ர மனுசன் கேட்டார், "அப்ப வீட்டில நீ என்னோட பிடிக்கிற சண்டைக்கு ஆர் கொடி தூக்கிறது?" எண்டு. மனுசனுக்கு நக்கல் கூட. ஆனா என்ர நடுவர் சேர்ட்டை இஸ்திரி போட்டுத் தந்தது அவர்தான், அதையும் சொல்லோணும்.

இது சும்மா தொட்டிட்டு ஓடுற கராத்தே இல்லை. ஃபுல் கொன்டாக்ட் எண்டு சொல்லுறது. கையுறை இல்லை, நெஞ்சுக்குக் கவசம் இல்லை. முகத்தில கையால குத்தக்கூடாது, மற்றும்படி நெஞ்சு, வயிறு, விலா, தொடை எல்லாத்திலயும் முழுப் பலத்தோட அடிக்கலாம். காலால எண்டால் தலைக்கும் உதைக்கலாம். அடிச்சு விழுத்தினால் புள்ளி. ரெண்டு பேருமே விழாமல் நிண்டால், ரெண்டு நிமிச முடிவில ஆர் நல்லா அடிச்சது எண்டு நடுவர்மார் கொடி தூக்கிச் சொல்லோணும். நாலு மூலையில நாலு பேர் கதிரையில இருப்பம், நடுவில பிரதான நடுவர் நிப்பார். அஞ்சு பேரில மூண்டு பேர் ஒரு பக்கம் சொன்னால் அந்தப் பக்கம் வெற்றி. ஆர் கூட எண்டு சொல்ல ஏலாட்டி ரெண்டு கொடியையும் முழங்காலுக்கு முன்னால குறுக்காப் பிடிக்கோணும். அது சமம்.

பிரதான நடுவர் அனுராதபுரப் பக்கத்து ஆள், சிங்கள மனுசன், அம்பது வயசிருக்கும். தமிழ் கதைப்பார், ஆனா அவற்ற தமிழ். முதல் நாள் பின்னேரம் எங்கள் நாலு பேரையும் இருத்தி வைச்சு வகுப்பெடுத்தார். "சத்தம் புள்ளி இல்ல. கத்துறது புள்ளி இல்ல. பாக்க வடிவா இருக்கிறது, அதுவும் புள்ளி இல்ல. அடிக்கிறவனை எல்லாரும் பாக்கும். நீங்க அடி வாங்கினவனைப் பாருங்க. அவன்ட மூச்சு, அவன்ட கால், அவன்ட முகம்." அப்பிடிச் சொல்லிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சார். "மிஸ்ஸுக்குக் கால் பாக்கச் சொல்லித் தரத் தேவையில்ல, என்ன?"

ஏனெண்டால் என்ர வேலையே கால் பாக்கிறதுதான். கால் இழந்தவைக்குப் பொய்க்கால் செய்து பூட்டிவிடுற ஒரு பட்டறையில அப்ப நான் வேலை. யுத்தம் முடிஞ்ச காலமெண்டதால ஒவ்வொரு நாளும் வாசல் நிறைய ஆக்கள். பூட்டின காலோட நடக்கவிட்டு, பாரம் எந்தப் பக்கம் போகுது, இடுப்பு எங்க சரியுது, எந்தக் கால் நிலத்துக்குப் பயப்பிடுது எண்டெல்லாம் பாத்துப் பாத்து எனக்கு அது பழகிப்போச்சு. சந்தையில ஆராவது எனக்கு முன்னால நடந்து போனாலும் முகத்தைப் பாக்க முதல் காலைத்தான் பாப்பன்.

விடியச் சண்டையள் துவங்கினாப் பிறகு எனக்கு இன்னும் தலைக்கனம் ஏறிச்சுது. ரெண்டாவது சண்டையில ஒரு நெட்டைப் பொடியன் சுழண்டு சுழண்டு உயர உதைக்க, மண்டபமே கைதட்டுது. நான் பாத்தன், ஒண்டும் சரியாப் படேல்ல, எல்லாம் தோளில உரசிக்கொண்டு போகுது. மற்றவன் கிட்டப் போய் ஒரே ஒரு குத்து, விலாவுக்குக் கீழ. சத்தமே இல்லை. ஆனா நெட்டையன்ர வாய் திறந்து அப்பிடியே நிண்டுது. நான் எழும்பிக் கொடியைத் தூக்கி ஒரு மூச்சு எடுக்கிறதுக்குள்ள ஆள் மடங்கி விழுந்திட்டான். பிரதான நடுவர் என்னைப் பாத்துத் தலையாட்டினார். ஐயோ, அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு ஒரு முழப் பூவைத் தலையில வைச்ச மாதிரி இருந்திச்சு.

கடைசிச் சண்டை பாரம் கூடினவையின்ர பிரிவு இல்லை, நடுத்தர எடைப் பிரிவு. அந்தப் பிரிவுக்குப் பேர் குடுத்தது ரெண்டே ரெண்டு பேர்தான், ஆனா அதுக்குத்தான் சனம் காத்துக்கொண்டிருந்தது. ஏனெண்டால் அதில வெல்லுற ஒரே ஒரு ஆளைத்தான் கொழும்பில நடக்கப்போற அகில இலங்கைப் போட்டிக்கு எடுப்பினம். சிவப்புப் பட்டி கட்டினவர் பேசாலையில கடலுக்குப் போற ஆள். கட்டை, ஆனா தோள் ரெண்டும் தோணி மாதிரி. அவருக்குக் கத்துறதுக்கெண்டே ஒரு லொறி சனம் வந்திறங்கி இருந்தது. முன் வரிசையில அவற்ற தாய். எனக்கு அவவை நல்லாத் தெரியும், ஒவ்வொரு நாளும் அவவிட்டத்தான் மீன் வாங்கிறனான். நாங்களும் அந்தப் பக்கந்தானே குடியேறி இருந்தனாங்கள். "தங்கச்சி, கண்ணைத் திறந்து பார் என்ன!" எண்டு விடியவே எனக்குச் சொல்லிப்போட்டா.

வெள்ளைப் பக்கத்தவர் தெற்கால முசலியில மேசன் வேலை செய்யிற ஒரு முஸ்லிம் ஆள். அவையளும் எங்களை மாதிரித்தான். இருவது வருசமா புத்தளத்தில இடம்பெயர்ந்து இருந்திட்டு, சண்டை முடிய, காடு மூடிக்கிடந்த சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தவை. முப்பத்திநாலு வயசு. அந்தப் பிரிவுக்கு வயசெல்லை முப்பத்தஞ்சு, அதனால அவருக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் எண்டு ஒலிபெருக்கியில சொல்லிச்சினம். அவரோட வந்தது ஆறேழு பேர்தான், மறிச்சுக்கட்டிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில வந்த ஆக்கள்.

இப்ப கேளுங்கோ கூத்தை. ரெண்டு பேரையும் உள்ளுக்குக் கூப்பிடுற நேரம் பாத்து, என்ர மூலைக்குப் பின்னால இருந்த பக்கக் கதவால ஒரு கழுதை தலையை நீட்டிச்சு. மன்னாரில தெருவெல்லாம் கழுதைதானே, அதுக்கு ஆர் கதவு பூட்டிறது? தலையை மட்டும் நீட்டியிருந்தால் பரவாயில்லை, என்ர கதிரைக்குக் கீழ தின்ன வைச்சிருந்த பணிசுப் பையை இழுக்கத் துவங்கிச்சு. நான் எழும்பி "போ, போ" எண்டு கொடியால கலைக்க, சனம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்குது. "அக்கா கழுதைக்கு வெள்ளைக் கொடி குடுத்திட்டா!" எண்டு ஆரோ கத்தினான். ஒருமாதிரி அதைக் கலைச்சுக் கதவைச் சாத்திப்போட்டுத் திரும்பிப் பாக்க, ரெண்டு பேரும் ஏற்கெனவே நடுவில வந்து கோட்டில நிண்டு வணக்கம் செய்துகொண்டிருந்தினம். நானும் வேர்க்க விறுவிறுக்கக் கதிரையில இருந்தன்.

துவங்கினது சண்டை! முதல் பத்து செக்கனிலேயே ரெண்டு பேரும் நெஞ்சுக்கு நெஞ்சு நிண்டு குத்தத் துவங்கிட்டினம். சண்டை நடக்கிற பாய்க்கு வெளியில இருந்த எனக்கே அடி விழுற அதிர்வு காலுக்குக் கீழ தெரிஞ்சுது. பேசாலையார் சும்மா இல்லை, குத்தை மேல காட்டிப்போட்டு, சத்தமில்லாமல் தொடைக்கு உதைப்பார். வெள்ளையின்ர இடது தொடை, திரும்பவும் அதே இடம், திரும்பவும் அதே இடம். வெள்ளை பின்வாங்கேல்ல. அவர் வயித்துக்கு முழங்காலால இடிச்சு இடிச்சு ஆளைத் தள்ளிக்கொண்டு போறார். சனம் ஒரு பக்கம் கத்துது, காத்து ஒரு பக்கம் கூரைத் தகட்டை அடிக்குது.

ஒரு நிமிசம் கழிச்சுத்தான் நான் அதைக் கண்டன். வெள்ளையின்ர இடது இடுப்பு ஒவ்வொரு அடி எடுத்து வைக்கேக்கயும் கீழ சரியுது! பாரத்தை வலது காலுக்கு மாத்தி மாத்தி வைக்கிறார். ஆகா, பிடிச்சிட்டன் எண்டு நினைச்சன். தொடை உதை வேலை செய்திட்டுது. மற்ற மூலையில இருக்கிறவை இதைக் கண்டிருக்க மாட்டினம், இது கால் பாத்துப் பழகின கண்ணுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில ஆளால நிக்க ஏலாமல் போகும் எண்டு காத்துக்கொண்டிருந்தன். அவர் விழேல்ல. ரெண்டு நிமிசம் முடிஞ்சு மணி அடிச்சிட்டுது.

பிரதான நடுவர் விசில் ஊத, நாங்கள் கொடியைக் காட்டினம். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, சிவப்பை உயரத் தூக்கினன். எனக்கு எதிர் மூலையிலயும் சிவப்பு. மற்ற ரெண்டு பேரும் கொடியை முழங்காலில குறுக்கே பிடிச்சினம், சமம். பிரதான நடுவர் சத்தமா எண்ணினார், சிவப்பு ரெண்டு, சமம் ரெண்டு. பிறகு ஒரு கணம் என்ர கொடியைப் பாத்தார். பாத்திட்டுத் தன்ர கையைச் சிவப்புப் பக்கம் தூக்கினார்.

மண்டபம் இடிஞ்சு விழாத குறை. லொறியில வந்த சனம் கதிரைக்கு மேல ஏறி ஆடுது. தாய் மனுசி சிலுவை போட்டுப்போட்டு அழுறா. போட்டியாளர் ரெண்டு பேரும் கை குடுத்துக் கட்டிப்பிடிச்சினம். வெள்ளைக்காரர், வெள்ளைப் பட்டி கட்டினவரைத்தான் சொல்லுறன், பாயை நோக்கிக் குனிஞ்சு வணக்கம் வைச்சிட்டு, திரும்பி, என்ர மூலைப் பக்கமா வெளியில நடந்தார்.

மூண்டடிதான். மூண்டடியிலேயே எனக்குப் பிழை பிடிபட்டிட்டுது. புதுசா அடிபட்ட காலோட ஒருத்தர் நடக்கிறதை நான் எத்தினை தரம் கண்டிருக்கிறன். நோகிற காலை வைச்ச உடன எடுப்பினம், கட்டை அடி, அவசர அடி, முகம் சுருங்கும். இவர் அப்பிடி நடக்கேல்ல. இடது காலை முழுசா ஊண்டி, பயமில்லாமல், ஒரு தாளத்தில இடுப்பு இறங்கி ஏற, அந்தத் தாளத்துக்குத் தோளும் சேர்ந்து ஆட, ஆறுதலா நடந்தார். வருசக்கணக்காப் பழகின நடை அது. பாய் ஓரத்தில போய்ச் செருப்புக்குள்ள காலை விட்டார். இடது செருப்புக்குக் கீழ ஒரு பழைய லொறி ரயர்த் துண்டை ஒரு அங்குல மொத்தத்துக்கு வெட்டி ஆணி அடிச்சிருந்தது. அந்த ரயரும் தேஞ்சு போயிருந்தது.

கடவுளே! அவற்ற கால் அடி வாங்கி நொண்டினதில்லை, வரேக்கயே கட்டையான கால். எங்கட பட்டறையில முதல் நாள் சொல்லித் தாறதே என்ன தெரியுமோ, ஆள் கதிரையில இருந்த பிறகு பாக்காதே, வாசலால வரேக்க பார் எண்டு. நான் அந்த மனுசன் வாசலால வரேக்க கழுதை கலைச்சுக்கொண்டு நிண்டனான். பேசாலையாரின்ர உதையால வராத நொண்டலுக்கு நான் பேசாலையாருக்குப் புள்ளி போட்டிட்டன். நான் போட்டதைப் பாத்துத்தான் பிரதான நடுவரும் போட்டவர். கால் பாக்கத் தெரிஞ்சவ எண்டு என்னை நம்பித்தானே!

மேசையில இருந்தவர் முடிவுத் தாளை எழுதிக்கொண்டிருந்தார். பிரதான நடுவர் கையெழுத்து வைச்சிட்டால் பிறகு ஆண்டவர் வந்தாலும் மாத்த ஏலாது எண்டு முதல் நாள் வகுப்பில சொல்லியிருந்தவை. அவர் மேசைக்குப் போய்ப் பேனையையும் எடுத்திட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை. சனம் சந்தோசம், எங்கட ஊர்ப் பொடியன் கொழும்புக்குப் போவான், நான் நாளைக்கு மீன் வாங்கலாம். உண்மையாச் சொல்லுறன், ரெண்டு செக்கன் அப்பிடித்தான் யோசிச்சன்.

பிறகு எப்பிடி விசிலை வாயில வைச்சன் எண்டு எனக்கே தெரியாது. ஊதினன் பாருங்கோ, ஒரு ஊதல்! ஊதிக்கொண்டே பாய்க்குக் குறுக்கால ஓடினன். சப்பாத்தோட பாயில மிதிக்கக்கூடாது எண்டதும் மறந்துபோச்சு. பிரதான நடுவர் பேனையோட திரும்பினார்.

"மொகத, என்ன மிஸ்? விசில் எதுக்கு?"

"சேர், கையெழுத்து வைக்காதைங்கோ. நான் தூக்கினது பிழை."

"என்ன பிழை?"

"அவர் அடி வாங்கி நொண்டேல்ல சேர். அந்தக் கால் முந்தியே கட்டை. நான் அவர் உள்ளுக்கு வரேக்க பாக்கேல்ல. தொடை உதையால எண்டு நினைச்சுத்தான் சிவப்பு தூக்கினனான்."

அவர் பேனையை வைச்சிட்டுப் பாய் ஓரத்துக்குப் போனார். வெள்ளைக்காரர் மரியாதைக்குச் செருப்பைக் கழட்டிப்போட்டு எழும்பி நிண்டார். பிரதான நடுவர் குனிஞ்சு, அந்த இடது செருப்பைத் தன்ர கையால எடுத்துத் திருப்பிப் பாத்தார். அந்த வயசு போன மனுசன், கறுப்புப் பட்டியில எத்தினையோ கோடு வைச்ச ஆள், மற்றவற்ற செருப்பைக் கையில தூக்கினதைக் கண்டு சனம் கத்துறதையும் நிப்பாட்டிச்சுது. செருப்பை ஆறுதலாக் கீழ வைச்சிட்டு என்னட்ட வந்தார்.

"அப்ப மிஸ்ஸுக்கு வெள்ளையா?"

கேட்டாரே ஒரு கேள்வி! என்ர வாய் "ஓம்" எண்டு சொல்லத்தான் துடிச்சுது. அந்த ரயர்த் துண்டைப் பாத்த பிறகு வேற என்ன சொல்ல வரும்? அவர் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு, "பாவம் பாத்துச் சொல்லக்கூடாது, என்ன" எண்டார். நான் கண்ணை மூடினன். அந்த ரெண்டு நிமிசத்தைத் திருப்பி ஓட்டிப் பாத்தன். ரெண்டு காலும் ஒரே நீளமான ஆக்கள் ரெண்டு பேர் இப்பிடி அடிபட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பன்? பேசாலையாரின்ர தொடை உதை எல்லாம் நல்ல உதை. மற்றவற்ற முழங்கால் இடியும் அதே அளவு நல்ல இடி. ஒருத்தரும் ஒருத்தரையும் அசைக்கேல்ல.

"சமம் சேர்," எண்டன்.

அவர் நடுவில போய் நிண்டு கையை உயர்த்தி, மூண்டு பேர் சமம் சொல்லியிருக்கினம், இன்னும் ரெண்டு நிமிசம் சண்டை எண்டு அறிவிச்சார். ஐயையோ, அதுக்குப் பிறகு நான் வாங்கின பேச்சு! "உந்த அக்காவுக்கென்ன விசரோ?" "கொடியை அந்தக் கழுதையிட்டக் குடுங்கோ!" தாய் மனுசி எழும்பி நிண்டு, "என்ர பிள்ளைக்குத் தந்ததைப் பறிக்கிறியோடி? நாளைக்கு மீனுக்கு வா, தாறன் உனக்கு!" எண்டு கையை நீட்டி நீட்டிப் பேசுறா. சனத்தை அடக்கினது ஆர் தெரியுமோ, பேசாலையார்தான். மூச்சு வாங்க வாங்க, தாயைப் பாத்து, "அம்மா, சும்மா இருங்கோ. இன்னொருக்கா அடிச்சு வெல்லுறன்" எண்டார். பிறகு வெள்ளைக்காரரைப் பாத்து, "வாங்கோ" எண்டு கையைக் காட்டினார்.

அந்த ரெண்டு நிமிசம் மாதிரி ஒரு சண்டையை நான் அதுக்கு முதலும் காணேல்ல, பிறகும் காணேல்ல. இப்ப எனக்குக் கண் திறந்திருந்தது. முதல் சுற்றில நான் நோவெண்டு நினைச்ச அந்த இடுப்புச் சரிவு இருக்கே, அதுதான் வெள்ளைக்காரரின்ர ஆயுதமே! ஒவ்வொரு அடிக்கும் அவற்ற உடம்பு கொஞ்சம் கீழ இறங்கும். இறங்கின வேகத்தோட வலது கால் கீழ இருந்து கிளம்பி வரும். எங்கட ஆக்கள் உதைக்கேக்க தோள் அசைஞ்சு முதலே காட்டிக் குடுக்கும். இவருக்குத் தோள் எப்பவுமே அசைஞ்சுகொண்டுதானே இருக்கு, எப்ப உதை வருமெண்டு ஆருக்குத் தெரியும்? அவர் தன்ர காலுக்கு ஏத்த மாதிரி ஒரு கராத்தேயையே தனக்குத் தைச்சு வைச்சிருந்தார். இதைப் போய்ப் பழுது எண்டு எழுதிப்போட்டனே எண்டு எனக்கு என்னிலயே ஆத்திரம் வந்திச்சு.

அப்பிடி வந்த ஒரு உதை பேசாலையாரின்ர விலாவில ஏற, அவர் ரெண்டடி பின்னால போனார். வெள்ளைக்காரர் விடேல்ல, பின்னாலேயே போய் முழங்கால், குத்து, திரும்ப முழங்கால். நான் கதிரை நுனியில இருக்கிறன், வெள்ளைக் கொடி கையில துடிக்குது. விழு, விழு எண்டு மனசு சொல்லுது. ஓம், நடுவர் அப்பிடி நினைக்கக்கூடாதுதான், நினைச்சனான். ஆனா பேசாலையார் விழேல்ல. கடலில வலை இழுத்த உடம்பு. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டு திருப்பி அடிக்கத் துவங்கினார். வயித்துக்கு இடது, வலது, இடது. வெள்ளைக்காரரின்ர கை ரெண்டும் வயித்தை மறைக்கக் கீழ இறங்கிச்சு. இறங்கின அந்தக் கணம், கட்டை உருவம் ஒண்டு சுழண்டு, கால் மேல போய், காதுக்குக் கீழ கழுத்தில பளாரெண்டு விழுந்துது.

வெள்ளைக்காரர் ஒரு முழங்காலில இருந்தார். கண் சிமிட்டுறதுக்குள்ள எழும்பிட்டார். எழும்பினாலும் விழுந்தது விழுந்ததுதான், அதுக்கு அரைப் புள்ளி. பாயில அடியைக் காணாத நடுவர் கொடியால கண்ணை மறைச்சுக் காட்டலாம், நான் காணேல்ல எண்டு. என்ர கண்ணில தண்ணி முட்டி நிண்டது, மறைச்சிருந்தாலும் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். ஆனா நான் கண்டனான். சுத்தமான உதை, குறை சொல்ல ஒண்டுமில்லாத உதை. விசிலை ஊதிச் சிவப்பைத் தூக்கினன். இந்த முறை நாலு மூலையிலயும் சிவப்பு.

மிச்ச நேரம் முழுக்க வெள்ளைக்காரர் முன்னுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், ஒரு அடி பின்னால வைக்கேல்ல. மணி அடிச்சுது. பேசாலையார் கொழும்புக்குப் போறது முடிவாச்சு. லொறிச் சனம் அவரைத் தோளில தூக்கிக்கொண்டு வெளியில போச்சுது. தாய் மனுசி என்னைக் கடந்து போகேக்க என்ர கன்னத்தில ஒரு கிள்ளுக் கிள்ளிப்போட்டு, கோவமோ அன்போ தெரியாது, போயிட்டா.

நான் மூலையில இருந்து கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தன். பேசாலையாருக்கு வெற்றி குடுத்து, பறிச்சு, கடைசியில அந்த மனுசனை ரெண்டாந்தரமும் தோக்க வைச்சு, அவற்ற கழுத்தில ஒரு உதையையும் வாங்கிக் குடுத்ததுதான் மிச்சம் எண்டு இருந்தன். அப்ப, "அக்கா" எண்டு ஒரு குரல். நிமிர்ந்து பாத்தன். அவர்தான். கழுத்தில ஈரத் துவாய், கையில ரெண்டு பிளேன்ரீக் கப். ஒண்டை எனக்கு நீட்டினார்.

"கோவமோ தம்பி?" எண்டு கேட்டன். வேற என்ன கேக்கிறதெண்டு தெரியேல்ல.

அவர் சிரிச்சுக்கொண்டு பக்கத்துக் கதிரையில இருந்தார். கால் என்ன நடந்தது, சண்டைக் காலத்திலயோ எண்டு கேட்டன். எல்லாரும் அப்பிடித்தான் கேக்கினம் அக்கா எண்டார். ஒரு சண்டையுமில்லை, திரும்பி வந்த வருசம் வாப்பாட காணியில காடு வெட்டேக்க ஒரு பாலை மரம் முறிஞ்சு மேல விழுந்ததாம். எலும்பு பொருந்தேக்க கட்டையாப் பொருந்திட்டுதாம். நான் உடன என்ர புத்தியைக் காட்டினன். எங்கட பட்டறைக்கு வாங்கோ, அந்த ரயர்த் துண்டை எறிஞ்சுபோட்டு அளவெடுத்துச் செருப்புக்கு நல்ல அடி வைச்சுத் தாறன் எண்டு சொன்னன். "வாறன், வேலைக்குப் போக உதவும். இதுக்கு உதவாதே அக்கா, வெறுங்காலால அடிக்கிற விளையாட்டெல்லோ" எண்டார். ரெண்டு பேரும் சிரிச்சம்.

பிறகு அவர் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சார். "அக்கா, கால் இப்பிடியான பிறகு நான் அஞ்சாறு போட்டிக்குப் போயிட்டன். சில இடத்தில பாவம் எண்டு வெல்ல விடுவாங்க. வீட்ட போய் எனக்குச் சோறு இறங்காது. மற்ற இடத்தில நொண்டுறான் எண்டு தோக்க விடுவாங்க. அதுக்கும் இறங்காது." கப்பைக் கீழ வைச்சிட்டு எழும்பினார். "இண்டைக்குத்தான் நான் ஒரு ஆளிட்டத் தோத்தனான். இவ்வளவு நாளும் என்ட காலிட்டத்தான் தோத்துக்கொண்டிருந்தனான். அதைச் சொல்லத்தான் உங்களிட்ட வந்தனான்." எண்டு சொல்லி, கையை நெஞ்சில வைச்சுத் தலையைக் குனிஞ்சிட்டு, மூண்டு மணி முசலி பஸ்ஸைப் பிடிக்கப் போயிட்டார்.

அதுக்குப் பிறகு எத்தினையோ போட்டிக்கு நடுவரா நிண்டிட்டன், வெண்ட ஆக்கள் எத்தினையோ பேர் வந்து கை குலுக்கிப் போயிருக்கினம். ஆனா அண்டைக்கு ஒரு மனுசன் ஒழுங்காத் தோக்கிறதுக்கு நான் வாங்கிக் குடுத்த அந்த ரெண்டு நிமிசந்தான், கொடி பிடிச்ச காலத்தில நான் செய்த உருப்படியான காரியம் எண்டு இண்டைக்கும் எனக்குப் படுது.